பத்தாவது படித்தவள் கேட்ட கேள்விகள்



மைக் பிடித்துப் பேசுவது எனக்கு இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க. குழுக் கடனை வைத்து என்ன செய்தாய் என்று பேசச் சொன்னாங்க. எனக்கு முன்னாடி பேசினவங்க மாடு வாங்கினது, தையல் மிஷின் வாங்கினது பற்றிச் சொன்னீங்க. நான் வாங்கினது ஒரு போனும் கொஞ்சம் புத்தகமும்தான்.

என் மூத்த மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். பல் டாக்டர் ஆகணும்னு அவளுக்கு ஆசை. அதற்குக் காரணம் என் மாமியார். அவங்களுக்கு ஐம்பது வயசிலேயே பல்லெல்லாம் போய்விட்டது. வலி வந்தால் கிராம்பு வைப்பாங்க. தாங்க முடியவில்லை என்றால் போய்ப் பிடுங்கிட்டு வருவாங்க. பிடுங்காமலும் காப்பாற்றலாம் என்று சொல்ல அப்போ யாரும் இல்லை. இன்றைக்கும் வெத்தலையை உரலில் இடித்துத்தான் போடுறாங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள் என் மகள்.

பல் மருத்துவம் சேரவும் நீட் தேர்வுதான் எழுதணும். 3 மணி நேரத்தில் 180 கேள்வி, 720 மார்க். அதில் சரிபாதி உயிரியல். தாவரவியலும் விலங்கியலும் சேர்த்து 90 கேள்வி, 360 மார்க். சரியான விடைக்கு 4 மார்க் தருவாங்க, தப்பான விடைக்கு 1 மார்க் கழிப்பாங்க. முதல் தடவை எழுதிவிட்டு, "ஒரு கேள்வியையும் விடலம்மா" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். தெரியாததையும் குத்துமதிப்பாக எழுதினது அவளைக் கவிழ்த்துவிட்டது. மார்க் வந்த அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.

"பொட்டப்புள்ளைய ஒரு வருஷம் சும்மா வீட்ல வச்சு என்ன பண்ணப்போற?" என்று சொந்தக்காரங்க கேட்டாங்க. கோச்சிங்குக்குக் கேட்ட தொகை எங்களால் நினைத்துப் பார்க்க முடியாதது. அப்போதுதான் குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். "படிப்புக்குத்தானே, தீர்மானம் எழுது" என்று ஊக்குநர் அக்கா ஒரே வார்த்தையில் சொன்னாங்க. அதை நான் மறக்க மாட்டேன்.

அவளுடைய பள்ளி ஆசிரியை ஒரு யோசனை சொன்னாங்க. "திரும்பத் திரும்ப வாசிச்சா தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். புத்தகத்தை மூடிட்டுச் சொன்னாத்தான் தெரியுமா தெரியாதான்னு தெரியும். கேள்வி கேட்க ஒரு ஆள் வேணும்" என்றாங்க. அந்த ஆள் நான்தான் ஆனேன்.

தினமும் பாத்திரம் கழுவி முடித்ததும் ராத்திரி எட்டரை மணிக்குப் புத்தகம் என் கைக்கு வரும். நான் கேட்பேன், அவள் பார்க்காமல் சொல்லணும். மைட்டோகாண்ட்ரியா என்ற வார்த்தையை வாசிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. இதயத்தைச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரையச் சொல்வேன். மூவிதழ் வால்வு வலப்பக்கம், ஈரிதழ் வால்வு இடப்பக்கம். அவள் மாற்றி மாற்றிப் போடுவாள். ஒரு நாள் எனக்கே விளங்கியது. எதிரில் நிற்கிறவங்களைப் பார்க்கிற மாதிரிதான் அந்தப் படம். நமக்கு இடப்பக்கம் தெரிவதுதான் இதயத்துக்கு வலப்பக்கம். அதைச் சொன்ன பிறகு அவள் தப்பு விடவில்லை.

பல் பாடம் வந்தால் மாமியாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாங்க. பால்பல் 20, நிலைப்பல் 32, நமக்குப் பல் ரெண்டு தடவைதான் முளைக்கும் என்று மகள் ஒப்பிப்பாள். "மூணாவது தடவை கிடையாதா?" என்று அப்பத்தா கேட்க, வீடே சிரிக்கும்.

ஒரு நாள் பால் நிர்ணயம் பாடம். தாயின் அண்டத்தில் எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான் இருக்கும். தகப்பனின் விந்தணுவில் எக்ஸ் இருக்கலாம், ஒய் இருக்கலாம். எக்ஸ் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். வாசித்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ரெண்டும் பெண். அதற்காக வாங்கின பேச்சு உங்களில் பலருக்கும் தெரியும். இது பத்தாவதிலேயே படித்ததுதான். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்திருக்கேன். அந்தப் பேச்சுக்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கேன்.

மகள் அதை அப்பத்தாவுக்கு விளக்கிச் சொன்னாள். கொஞ்ச நேரம் உரல் சத்தம் நின்றது. "அப்ப என் மவன் தானாக்கும்" என்றாங்க. பிறகு மறுபடி இடிக்க ஆரம்பிச்சாங்க. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்க வீட்டில் வரவில்லை.

தப்பான விடைகளுக்கென்று தனி நோட்டு போட்டோம். நம்ம குழுப் பேரேடு மாதிரி தேதி, பாடம், என்ன தப்பு என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் கேட்பேன். சரியாகச் சொன்னால் அடித்துவிடுவோம். உயிரியல் 90 கேள்வியையும் 50 நிமிஷத்துக்குள் முடித்துப் பழகினாள். மிச்ச நேரம் கணக்குப் போட வேண்டிய இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் வேணும். சுத்தமாகத் தெரியாத கேள்வியை விட்டுவிடவும் பழகினாள்.

இந்தத் தடவை தேர்வு எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. "பத்து கேள்வியை விட்டுட்டேன்மா" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. சீட் கிடைக்காவிட்டால் விலங்கியல் பட்டப்படிப்பில் சேருவாள். கடனில் ஏழு தவணை கட்டிவிட்டேன்.

ஒன்று மட்டும் எல்லாரும் தெரிஞ்சுக்கோங்க. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் இருந்து இருக்கிறது. அதில் பல் மருத்துவமும் உண்டு. அதில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. நம்ம கட்டடம் ராத்திரியில் பூட்டித்தான் கிடக்கிறது. ஒரு லைட் போட்டுத் திறந்துவிட்டால் பிள்ளைகள் வந்து படிப்பாங்க. புத்தகத்தைப் பிடித்துக் கேள்வி கேட்க நான் வருகிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த யாரும் வரலாம். விடை பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும்.