சூடிக் களைந்தது சும்மா போகுமா?



'வீட்டுக்கு அழகு புதியதா, பழையதா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "பழைய சாமி படத்தை வச்சிருந்தா வீட்டுக்குத் தரித்திரம்"னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். ஐயா, நீங்க எங்க அப்பத்தா வீட்டுக்கு வந்ததில்லை!

எனக்கு ஊர் வத்திராயிருப்பு. பக்கத்திலேயே சிவகாசி. ஊருக்கெல்லாம் காலண்டர் அடிச்சுக் கொடுக்கிற ஊர். அந்தக் காலண்டர் சாமிகளை வரைஞ்சவர்களில் பெரியவர் கோவில்பட்டி கொண்டையராஜு. நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதியவர், 1976-இல் மறைந்தார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும்தான் நம்ம வீட்டுச் சுவர்களில் குடியிருந்தார்கள். ஆனா எத்தனை நாளைக்கு? புது வருஷம் பிறந்தா புதுசு ஆணியில ஏறும். பழசு எடைக்குப் போகும்.

எங்க அப்பத்தா பழைய பேப்பர் கடையில போய் நிற்கும். சாமி படத்தை மட்டும் கேட்டு வாங்கிட்டு வரும். முதல் வேலையா அடியில இருக்கிற விளம்பரத்தை வெட்டிடும். "முருகன் காலடியில ஜவுளிக்கடைக்கு என்னடி வேலை?"ன்னு கேக்கும். (சிரிப்பு) அட்டையில ஒட்டி, நைஞ்ச பட்டுச்சேலை ஜரிகையை எடுத்துக் கரை கட்டி, சமிக்கி, பாசிமணி வச்சுத் தைக்கும். வேலுக்கு மட்டும் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள்! எங்க தாத்தாவோட கெட்ட பழக்கம் முருகனுக்காவது உதவிச்சு! (சிரிப்பு, கைதட்டல்)

இது அப்பத்தாவின் கிறுக்கு இல்லை, நடுவர் அவர்களே. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கே அச்சான லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நம்ம பக்கத்து வீடுகளில் துணியால் சேலை கட்டி, ஜரிகை தைத்து, மணி ஒட்டினார்கள். அச்சு இயந்திரம் ஆயிரம் படத்தை ஒரே மாதிரி தள்ளியது. அதில் ஒன்றை 'எங்க வீட்டு லட்சுமி' ஆக்கியது ஊசி! அந்தப் படங்கள் இன்று காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன.

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு தப்பு செஞ்சவள்தான்.

அப்பத்தா போனபிறகு வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். அந்த முருகனை நான்தான் கழற்றினேன். ஜரிகை கறுத்து, கண்ணாடியும் விரிசல். வச்சுக்கவும் மனசில்லை, குப்பையில் போடவும் மனசில்லை. கண்மாய்க்கரை அரசமரத்தடியில சாத்திட்டு வந்துட்டேன். ராத்திரி பூரா தூக்கம் வரலை. விடிஞ்சதும் ஓடினேன். படம் இல்லை!

ஆடி அமாவாசை வந்தது. சதுரகிரிக்குப் புறப்பட்டேன். தாணிப்பாறை அடிவாரத்தில் பூ விற்கிற அம்மா, கூடைக்குப் பின்னால் அதே முருகன்! கறுத்த கரைமேல புது ஜிகினா. விரிசல் தெரியாமல் ஒரு முழம் மல்லிகை.

"இது எங்க அப்பத்தா செஞ்சதும்மா"ன்னேன்.

"யாரோ உக்காந்து தச்சிருக்காகன்னு தொட்டதுமே தெரிஞ்சுச்சு தாயி. எடுத்துட்டுப் போறியா?"ன்னு கேட்டாங்க.

எந்த வாயால் 'ஆமா'ன்னு சொல்லுவேன்? பூ வாங்கி, அந்தப் படத்துக்கே சாத்திட்டு மலையேறினேன். (கைதட்டல்)

நடுவர் மணியடிக்கிறார், முடித்துவிடுகிறேன். எங்க பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஒரு பெண் சூடிக் களைந்த மாலையைத்தான் பெருமாள் விரும்பி ஏற்றார். ஆண்டாள் மாலை இன்றும் புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது. புதுமாலை கிடைக்காமலா போகிறது? ஒரு மனசு பட்ட மாலை என்பதால் போகிறது!

கழித்துவிடலாம் என்று எதையாவது கையில் எடுத்தால், தாய்மார்களே, திருப்பி ஒருமுறை பாருங்கள். உங்க வீட்டு அப்பத்தாவின் தையல் இருக்கும். வீட்டுக்கு அழகு பழையதே!