மிச்சம் பிடித்த கதை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெஸ் பில்லே கட்ட முடியல, இதுல ஏரோப்ளேன் ஒரு கேடா?" என்று 1984-ல் என் அப்பா கேட்டார். அதற்கு இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

அப்போது நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். நாங்கள் நாலு பேர் காசு போட்டு, ஃபாக்ஸ் 35 ஸ்டண்ட் என்ற பழைய எஞ்சினை வாங்கினோம். சுமார் 5.7 சி.சி. பால் பேரிங் கிடையாது, வெறும் புஷ்தான். கையில் பிடித்த இரண்டு கம்பிகளின் முனையில் சுற்றி வரும் சாகச விமானத்துக்கு அது தாராளம். நீடில் வால்வைச் சற்றுத் திறந்து எரிபொருளை ரிச்சாக வைத்தால், நேராகப் பறக்கும்போது ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிந்து நிதானமாக ஓடும். மூக்கைத் தூக்கினால் ஒவ்வொரு சுற்றும் எரிந்து பலம் கொடுக்கும். குட்டிக்கரணம் போட வேறென்ன வேண்டும்? ஆகவே, எஞ்சினில் சிக்கனம் பார்க்கலாம், தப்பில்லை.

நாங்கள் கோட்டை விட்டது எரிபொருளில். இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் ஊற்றும் இடம் கிடையாது. எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெய்தான் எல்லாம். மெத்தனால் 80 பங்கு, விளக்கெண்ணெய் 20 பங்கு என்பது பழகிய கணக்கு. புஷ் எஞ்சினுக்கு எண்ணெய் 25 பங்கு இருந்தால் இன்னும் நல்லது. விலை கூடிய நைட்ரோமீத்தேன் ஒரு சொட்டும் வேண்டியதில்லை. நாங்களோ மிச்சம் பிடிக்க எண்ணெயைப் பத்தாகக் குறைத்தோம். மூன்றாவது கரணத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. விமானம் சுக்குநூறு!

அது போகட்டும். மீதி மெத்தனாலுக்கு டின் வாங்கக் காசு பார்த்து, கலர் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்தோம். மெஸ் பையன் தாகத்தில் அதை எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டான். அறைத்தோழன் தட்டிவிட்டதால் பிழைத்தான். கொஞ்சம் உள்ளே போனாலே பார்வை போகும், உயிரும் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதைப் படித்த இரவு, அந்தப் பையன் முகம்தான் கண்முன் நின்றது. எனக்குத் தூக்கமே வரவில்லை.

தம்பி, தங்கைகளே! இன்று உங்களுக்கு மின்மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் இருக்கின்றன. இல்லை, எஞ்சின்தான் வேண்டும் என்பவர்கள் சின்ன புஷ் எஞ்சினாக வாங்குங்கள், விளக்கெண்ணெயைக் குறைக்காதீர்கள். மெத்தனாலை உரிமத்தோடு, துறை வழியாகவே வாங்குங்கள். "விஷம்" என்று எழுதிய டின்னில் ஊற்றி, அலமாரியில் பூட்டி வையுங்கள். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறக்காதீர்கள்.

அப்பாவுக்கு என் பதில் இதுதான்: ஏரோப்ளேன் கேடு இல்லீங்கப்பா. டின்னுல மிச்சம் பிடிச்சதுதான் கேடு.