துறவின் தலைவாயில்



கல்லூரியில் முதல் ஆண்டுத் தேர்வில் நான் தோல்வியுற்றேன். தந்தையாரின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அஞ்சிக்கொண்டிருந்த அந்நாளில் புத்தர் வரலாறு ஒன்று கைக்குக் கிட்டியது. மனைவியும் மகனும் உறங்கும் நள்ளிரவில் சித்தார்த்தர் அரண்மனையை நீங்கினார் என்னும் பகுதி என் உள்ளத்தைக் கவ்விக்கொண்டது. நானும் அவ்வாறே ஒருவரிடமும் சொல்லாமல் சாரநாத்துக்குச் சென்று பிக்குவாகிவிடுவதென முடிவு செய்தேன்.

தமிழாசிரியர் ஒருவரிடம் மட்டும் இதை வெளியிட்டேன். அவர் நகைக்கவில்லை, சினக்கவுமில்லை. "போகலாம், தம்பி. ஆனால், வாயிலில் சில கேள்விகள் கேட்பார்கள். விடையோடு போ" என்று கூறி, பௌத்த சங்கத்தின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகத்தைப் பற்றிய நூல் ஒன்றைத் தந்தார்.

அன்றிரவே அதைப் படித்தேன். உபசம்பதை எனப்படும் முழுத்துறவை வேண்டி வருபவனைச் சங்கத்தின் நடுவே நிறுத்திப் பிக்குகள் வினவுகின்றனர். நீ பிறருக்கு அடிமையாய் இராதவன்தானா? கடன் இல்லாதவன்தானா? அரசனுடைய பணியிலிருந்து விடுபட்டவன்தானா? தாய் தந்தையரின் இசைவு பெற்றாயா? உனக்கு இருபது வயது நிரம்பிற்றா? திருவோடும் சீவர ஆடையும் உன்னிடம் உள்ளனவா? இவற்றோடு கொடிய நோய்களைப் பற்றியும் கேட்கின்றனர்.

நான்காம் கேள்வியில் நான் நின்றுவிட்டேன். அந்த விதி பிறந்த வரலாறு உருக்கமானது. ஞானம் பெற்றபின் புத்தர் கபிலவஸ்துவுக்கு வந்தார். தாய் சொல்லியனுப்பியபடி மகன் இராகுலன் அவரைத் தொடர்ந்து சென்று, தனக்குரிய உரிமைப் பொருளைக் கேட்டான். புத்தர் சாரிபுத்தரை அழைத்து, அச்சிறுவனுக்குத் துறவு அளிக்கச் செய்தார். செய்தி அறிந்த பாட்டனார் சுத்தோதனர் துடித்துப்போனார். மகனை இழந்தபோதும், பின்னர் நந்தனை இழந்தபோதும் பட்ட துயரினும் இது பெரிது என்றார். இனிப் பெற்றோரைக் கேளாமல் பிள்ளைகளுக்குத் துறவு அளிக்கலாகாது என வேண்டினார். புத்தர் அதற்கு இசைந்து விதி வகுத்தார். சொல்லாமல் வீட்டை நீங்கியவர் என்று நாம் கதையில் படிக்கும் அதே பெருமான், தம்மைப் பின்பற்றுவோர் கேட்டுக்கொண்டே வரவேண்டும் என்றார்.

பெற்றோர் மறுத்தால் என் செய்வது? குரு நாட்டுச் செல்வரின் ஒரே மகன் இரட்டபாலன் ஓடிப்போகவில்லை. வெறுந்தரையில் படுத்து உணவை மறுத்தான். இறுதியில் பெற்றோர் இசைந்தனர். துறவியான பிறகு தங்களை வந்து காணவேண்டும் என்று மட்டும் கேட்டனர். அவ்வாறே அவன் பின்னாளில் அவர்கள் வாயிலுக்குத் திருவோட்டுடன் வந்தான்.

இக்கேள்விகளின் கருத்து அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கடன்பட்டவன் துறந்தால், அவன் துறப்பது தன் பொருளையன்று. கடன் கொடுத்தவன் பொருளை. அவ்வாறே நான் துறக்க எண்ணியதும் உலகத்தையன்று. தந்தையாருக்குச் சொல்லவேண்டிய ஒரு விடையை.

மறுநாள் ஊருக்குச் சென்று தந்தையாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.

நான் துறவி ஆகவில்லை. ஆயினும் விடியற்காலையில் திருவோடு ஏந்தி, கிடைத்ததை நண்பகலுக்குள் உண்டு, நாளைக்கென எதையும் சேர்த்துவைக்காமல் வாழும் பிக்குவைக் காணும்போதெல்லாம் தலைவணங்குகிறேன். அக்கேள்விகள் அனைத்திற்கும் விடை சொல்லிவிட்டு உள்ளே சென்றவர் அல்லவா அவர்!