கண்ணைப் பார்த்துப் பேசு

பௌர்ணமி இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக் கிடந்த இதே அடி அண்ணாமலையில் இன்று மைக் பிடித்திருக்கிறேன்.

சிறுவயதில் யாரையும் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன். “சேரிப் பிள்ளைக்குத் திமிர்” என்றார் ஓர் ஆசிரியர். “அடக்கமான பிள்ளை” என்றார் இன்னொருவர். இருவரும் பார்த்தது என் சாதியை. ஆட்டிசம் என்று முப்பது வயதில்தான் தெரிந்தது. 1995 ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில்தான் வந்தது.

எனக்கு ஆலோசனை தந்தவரும் தனக்கு ஆட்டிசம் என்று தாமதமாக அறிந்தவர். “டியூப்லைட்டை அணைக்கட்டுமா? பேச வராவிட்டால் எழுதுங்கள்” என்றார். கண்ணைப் பார்க்கச் சொல்லவில்லை.

புரியாமை இருபக்கமும் உண்டு என்று 2012இல் எழுதினார் டேமியன் மில்டன், அவரும் ஆட்டிசம் உள்ள ஆய்வாளர். புரியவைக்கும் சுமை மட்டும் ஏன் எப்போதும் நம் தலையில்? சாதியிடம் நாம் கேட்பதும் இதைத்தானே, தோழர்களே? ஆலோசகர் பயிற்சியில் இரண்டையும் பாடமாக்கச் சொல்லிக் கேட்போம்.