‘மார்ச்’ என்னும் சொல்

மொழிபெயர்ப்பாளனுக்குப் பெரிய சொற்களால் நேரும் துன்பம் குறைவு. கலைச்சொல் கடினமானதாயின் அகராதி இருக்கிறது. கேட்டுத் தெளிய அறிஞரும் இருக்கின்றனர். எல்லோரும் அறிந்த சிறு சொற்களே அவனைத் திகைக்க வைப்பவை. ஆங்கிலத்து ‘மார்ச்’ அத்தகையது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் வீட்டுக் குழந்தைகள் பள்ளி மைதானத்தில் ‘மார்ச்’ செய்கின்றனர். அதற்குத் தமிழ் யாது என்று அவர்கள் கேட்டால், நம்மில் எத்தனை பேர் உடனே விடை கூறுவோம்?

உண்மையில் இது ஒரு சொல்லன்று; ஒரே ஒலியுடைய மூன்று சொற்கள். மாதத்தின் பெயர் உரோமானியரின் போர்த் தெய்வமாகிய மார்ஸிடமிருந்து வந்தது. பண்டை உரோமானிய ஆண்டு அம்மாதத்தில்தான் தொடங்கிற்று. ஆகவேதான், இலத்தீனில் ஏழு என்னும் எண்ணால் பெயர் பெற்ற செப்டம்பர் இன்று ஒன்பதாவது மாதமாக நிற்கிறது. நம் அரசாங்கத்திற்கோ மார்ச் ஆண்டின் முடிவு. 1867 முதல் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. ஒதுக்கிய பணம் காலாவதியாகுமுன் அதைச் செலவிட அலுவலகங்கள் விரையும் விரைவைக் கண்டவர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்வேன். ‘செலவு’ என்பது ‘செல்’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல். பழந்தமிழில் அதற்குப் பயணம் என்றே பொருள். படை புறப்படுவதும் செலவுதான். ஆகவே மார்ச் மாதம் இருவகையாலும் செலவு மாதமே!

இரண்டாவது சொல்லுக்கு எல்லைப்புற நாடு என்று பொருள். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியை இன்றும் ‘வேல்ஸ் மார்ச்சஸ்’ என்கின்றனர். எல்லை காத்த பிரபுவே ‘மார்க்விஸ்’ ஆனான். டென்மார்க் என்னும் பெயரின் ஈற்றில் நிற்பதும் இதன் உறவே. வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்போர் இவ்விடத்தில் விழிப்பாயிராவிட்டால், எல்லைப்புறப் பிரபுக்கள் நடைபயிலும் பிரபுக்களாக மாறிவிடுவர்.

மூன்றாவதாகிய நடைதான் பெருந்தொல்லை. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த இச்சொல், படைவீரர் அடி ஒத்து நடப்பதைக் குறிக்கிறது. அந்த நடைக்கேற்ற இசையையும் குறிக்கிறது. காலத்தின் போக்கையும் குறிக்கிறது. ஒருவர் மற்றவரை முந்திக்கொண்டு காரியத்தைச் சாதித்தால், அவர் ‘மார்ச்சைத் திருடினார்’ என்பது ஆங்கில வழக்கு. இரவோடிரவாகப் படையை நகர்த்திப் பகைவனை முந்தியதன் நினைவு அது. தமிழில் ‘முந்திக்கொண்டார்’ என்றாலே போதும்.

குழந்தைகள் நடப்பதை ‘அணிநடை’ எனலாம். குடியரசு நாளில் வீரர்கள் செல்வது ‘அணிவகுப்பு’. இவற்றில் இடர்ப்பாடில்லை. ஆனால் 1930-ஐ எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு மார்ச் 12-ஆம் நாள் காந்தியடிகள் 78 தொண்டர்களுடன் சபர்மதி ஆசிரமத்தினின்று புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது அறுபது. 24 நாட்களில் ஏறத்தாழ 240 மைல் நடந்து தண்டிக் கடற்கரையை அடைந்தார். ஏப்ரல் 6 அன்று உப்பை அள்ளினார். ஆங்கிலேயர் இதை ‘மார்ச்’ என்றனர். குஜராத்தியர் ‘தாண்டி கூச்’ என்கின்றனர். கூச் என்பதும் படை கிளம்புவதைச் சொல்லும் சொல்லே. நாம் ‘தண்டி யாத்திரை’ என்கிறோம். அதே ஆண்டு ஏப்ரல் 13-இல் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் நோக்கித் தொண்டர்களுடன் நடந்ததையும் யாத்திரை என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

யாத்திரை அழகிய சொல்தான். நாள்தோறும் பிரார்த்தனையும் நூல் நூற்றலும் நாட்குறிப்பும் தொண்டர்களுக்குக் கடமையாக இருந்தமையால் அது பொருந்தவும் செய்கிறது. ஆயினும் யாத்திரிகன் புண்ணியம் தேடிச் செல்பவன். சட்டத்தை மீறச் செல்பவனல்லன். காந்தியடிகளோ மார்ச் 2-ஆம் நாளே வைசிராய் இர்வினுக்குக் கடிதம் எழுதித் தம் கருத்தை அறிவித்துவிட்டுக் கிளம்பியவர். ஒரு வேந்தன் மற்றொரு வேந்தன்மேல் செல்வதைத் தொல்காப்பியம் வஞ்சித் திணை என்கிறது. வாளில்லாத வஞ்சி அது! யாத்திரை என்னும் சொல்லில் பக்தி நிற்கிறது, எதிர்ப்பு நழுவிவிடுகிறது என்பது என் எண்ணம். அன்றியும், அதைவிடச் சிறந்த சொல் இன்னும் எனக்குக் கிட்டவில்லை.

அமெரிக்க நீக்ரோவர் என்று அக்காலத்தில் குறிக்கப்பட்ட கறுப்பின மக்களின் போராட்டத்தில் இச்சொல் மேலும் பிரிகிறது. 1963 ஆகஸ்ட் 28-இல் வாஷிங்டனில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் திரண்டனர். நடந்த தூரம் ஒரு மைலுக்கும் குறைவு, அது பேரணி. 1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மாண்ட்காமரிக்கு 54 மைல் நடந்தனர், அது நடைப்பயணம். ஆங்கிலத்தில் இரண்டும் ‘மார்ச்’ தான்.

இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பீர்கள். கலவரம் நேர்ந்த ஊரில் காவல்துறையினர் தெருவழியே ‘ஃபிளாக் மார்ச்’ நடத்துகின்றனர். மறுநாள் அதே தெருவில் குறை சொல்ல வந்த உழவரும் ‘மார்ச்’ நடத்துகின்றனர். முன்னதைக் ‘கொடி அணிவகுப்பு’ என்று மதிப்போடு எழுதும் கை, பின்னதைத் ‘தலைநகர்மீது படையெடுப்பு’ என்று எழுதிவிடுகிறது. படையெடுப்பவன் பகைவன். மனுக் கொடுக்க வந்தவனைப் பகைவனாக்க அந்த ஒரு சொல்லே போதுமானது. ஆங்கில மூலத்திலோ இருவருக்கும் ஒரே சொல்தான் இருந்தது.