'சுகர்' என்று மட்டும் எழுதினால் போதாது



இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணித்தது. அவர்களில் யாருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது, யார் காலை இழக்கிறார்கள் என்பதற்கு விடை நம் கேஸ் ஷீட்டுகளில்தான் இருக்க வேண்டும்.

கேஸ் ஷீட்டில் எழுதியதை வைத்தே நோய்க்குக் குறியீடு போடப்படுகிறது. நோய்க் குறியீடுகளின் ஐ.சி.டி.-10 பட்டியலில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு இ11 என்பது குறியீடு. அதன் புள்ளிக்குப் பின் 2 வந்தால் சிறுநீரகம், 3 கண், 4 நரம்பு, 5 ரத்த ஓட்டம். 9 வந்தால் சிக்கல் ஏதும் இல்லை என்று பொருள்.

நிலக்கோட்டைப் பக்கத்துப் பூ விவசாயி ஒருவர் வருவதாக வைத்துக்கொள்வோம். "செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியலை டாக்டர்" என்கிறார். மருத்துவர் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார், உணர்ச்சி இல்லை. கட்டைவிரலுக்கு அடியில் புண். வைத்தியம் சரியாகவே நடக்கிறது. ஆனால் தாளில் ஏறுவது 'டி.எம். (நீரிழிவு), கால் புண்' என்பது மட்டும். புண் நீரிழிவால் வந்ததா? வலது காலா, இடது காலா? தோலோடு நிற்கிறதா, எலும்பைத் தொட்டுவிட்டதா? மருத்துவர் எழுதாததைக் குறியீடு போடும் கோடர் ஊகித்துப் போடக் கூடாது. அது தொழில் நெறி. அதனால் கால் மரத்துப் புண்ணோடு வந்தவர், சிக்கல் இல்லாதவர் கணக்கில் சேர்ந்துவிடலாம்.

சென்னையிலும் திருச்சியிலும் நம் பிள்ளைகள் அமெரிக்க நோயாளிகளின் ஆவணங்களுக்குக் குறியீடு போடுகிறார்கள். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள பட்டியலில் நீரிழிவுக் கால்புண்ணுக்கு இ11.621, புண்ணின் இடத்தையும் ஆழத்தையும் சொல்ல எல்97 வரிசையில் இன்னொரு குறியீடு. அந்தத் திறமை நம் ஊர் நோயாளிக்கும் பயன்பட வேண்டாமா?

இறப்புச் சான்றிலும் இதே குறை நேர்கிறது. இறப்புக்கான காரணத்தை எழுதும் 4-ஆம் படிவத்தில் 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதினால் நீரிழிவு கணக்கிலேயே வராது. ரத்தத்தில் தொற்று, அதற்குக் காரணம் கால் அழுகல், அதற்கு அடிப்படை நீரிழிவு என்று வரிசையாக எழுதினால்தான் உண்மை பதிவாகும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்த்தது. எந்த வட்டாரத்துக்குப் பாதப் பரிசோதனை கூடுதலாக வேண்டும், எங்கே டயாலிசிஸ் வசதி வேண்டும் என்று அரசுக்குச் சொல்ல வேண்டியவை நம் பதிவுகள்தாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நீரிழிவின் வகை, அதனால் வந்த சிக்கல், அது எந்தப் பக்கம், எந்தக் கட்டம் ஆகியவற்றை ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் எழுதுங்கள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் இதை முதல் வார்டுப் பணியிலிருந்தே பழகட்டும். மருத்துவரும் கோடரும் நேரில் பேசித் தெளிவுபெறும் வழக்கம் இந்த அரங்கில் தொடங்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.