கோட்டைக்குள் ஒரு தேவாலயம்

சம்மாந்துறை முதலிய கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிலே, குடிகளின் சார்பில் மரைக்காயர்மார் பள்ளிவாசலை நிருவகித்து வருதல் தொன்றுதொட்ட மரபாகும். வணக்கத்தலம் ஊரவரின் பொதுச்சொத்து என்பதே அம்மரபின் உட்பொருள். கடலுக்கு அப்பால், சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் தேவாலயத்தின் வரலாறும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1640ஆம் ஆண்டளவிலே அக்கோட்டையை நிறுவினர். எனினும், ஏறக்குறைய நாற்பதாண்டு காலம் அவர்களுக்கெனத் தனித் தேவாலயம் இருந்ததில்லை. ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர் முன்னின்று நன்கொடை திரட்டினார். கம்பெனியின் கருவூலம் அன்று, கோட்டைவாசிகளின் கைப்பொருளே மூலதனமாயிற்று. 1678 மார்ச் 25ஆம் நாள், மரியாளின் திருநாளன்று, திருப்பணி தொடங்கியது. 1680 அக்டோபர் 28இல் ஆலயம் அபிடேகம் செய்யப்பெற்றது. அங்கிலிக்கன் திருச்சபையினர் இந்தியாவில் எழுப்பிய ஆலயங்களுள் இன்று நிலைத்திருப்பவற்றில் இதுவே மிகப் பழையது.

நான்கடி கனமுள்ள சுவர்கள். மரம் சேராது செங்கல்லால் வளைத்துக் கட்டிய கூரை. பீரங்கிக் குண்டுக்கும் அசையாதபடி அமைத்த வேலைப்பாடு அது. 1758, 1759ஆம் ஆண்டுகளிலே பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, புறத்தேயிருந்த பழைய இடுகாட்டின் கல்லறைகள் பகைவருக்கு மறைவிடமாயின. பின்னர் அக்கல்லறைகள் அகற்றப்பட்டன. அவற்றின் கற்கள் ஆலயத்தைச் சூழத் தரையிலே பதிக்கப்பட்டன. இன்று அம்முற்றத்தில் நடப்போர் பெயர்களைக் காண்பரேயன்றி, அப்பெயர்க்குரியோர் அங்கே துயிலவில்லை.

ஆலயப் பதிவேடுகளோ மற்றொரு செல்வம். எலிஹு யேலின் திருமணம் 1680இலும், ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இலும் இங்கு நிகழ்ந்தன. முன்னவர் பெயரை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று தாங்கி நிற்கின்றது; பின்னவர் ஆங்கில ஆட்சிக்கு அடிகோலியவர். ஆயினும், இத்தகைய பெரும் பெயர்களினும் போற்றத்தக்க செயலொன்றுண்டு. 1715ஆம் ஆண்டிலே ஏழைச் சிறுவருக்கென இவ்வாலயத்தார் ஒரு தருமப் பள்ளியைத் தொடங்கினர். அதன் வழிவந்த கல்விச்சாலை சென்னையில் இன்றும் நடைபெறுகின்றது.

1858இலே கம்பெனியின் ஆட்சி நீங்கியது. 1947இலே ஆங்கில ஆட்சியும் அகன்றது. அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையிலே இவ்வாலயமும் சேர்ந்தது. கோட்டையை ஆண்டோர் மாறினர். மக்கள் பொருளீந்து எழுப்பிய ஆலயத்திலோ வழிபாடு இன்றும் தொடர்கின்றது.